தந்தி போன பின்னும் இருந்த சட்டம்

2013 ஜூலை 14ஆம் நாள் இரவோடு இந்தியாவில் தந்திச் சேவை நின்றது. அன்று பல ஊர்களில் தந்தி அலுவலகங்களில் கூட்டம் கூடியது. வாழ்நாளில் ஒரு தந்தியும் அனுப்பியிராத இளைஞர்கள் வரிசையில் நின்று, நினைவுக்காக வீட்டுக்கும் நண்பர்களுக்கும் தந்தி அடித்தார்கள். தந்திக்காரரின் மிதிவண்டி தெருவில் திரும்பினாலே எந்த வீட்டில் சாவோ என்று நெஞ்சு பதறிய காலத்தைக் கண்ட மூத்தவர்கள் அதைப் பற்றி உருக்கமாக எழுதினார்கள். பிறகு எல்லோரும் மறந்துபோனோம்.

ஆனால் தந்தி போன பிறகும் தந்திச் சட்டம் போகவில்லை. வெள்ளையர் 1885இல் இயற்றிய இந்தியத் தந்திச் சட்டம்தான் நம் கைப்பேசிகளுக்கும் தாய்ச்சட்டமாக இருந்துவந்தது. அதன் நான்காம் பிரிவு சொல்வது இதுதான்: தந்தியை நிறுவி நடத்தும் தனியுரிமை அரசுக்கே உரியது, அரசு மனமுவந்தால், தான் விதிக்கும் நிபந்தனைகளுக்கும் கேட்கும் கட்டணத்துக்கும் உட்பட்டுப் பிறருக்கு உரிமம் தரலாம். கம்பியில்லாத, கடுதாசியில்லாத, பையில் வைத்துக்கொண்டு திரியும் ஒரு கருவிக்கான பெருவணிகம் முழுவதும் இந்த ஒற்றைப் பிரிவின் நிழலில்தான் முளைத்து வளர்ந்தது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பிரிவுகள் நடைமுறைக்கு வரத் தொடங்கியது 2024 ஜூன் இறுதியில்.

அடுத்த வாரமே, 2024 ஜூலைத் தொடக்கத்தில், தனியார் கைப்பேசி நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்தாற்போலக் கட்டணத்தை உயர்த்தின. மாணவர்களிடையே ஒரே முணுமுணுப்பு. அதையொட்டி எங்கள் கல்லூரி இலக்கிய மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். கைப்பேசிச் சந்தையில் அரசின் கட்டுப்பாடு வேண்டும் என்று ஓர் அணி, வேண்டாம் என்று மற்றோர் அணி. நடுவர் நாற்காலி எனக்கு. இரு தரப்பும் எதிர்பார்த்தபடியே பேசின. முடியும் தறுவாயில் கூட்டத்திலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, நீங்களே ஒரு அணியில பேசிட்டு, அப்புறம் தீர்ப்பும் சொன்னா நாங்க ஒத்துக்குவோமா? அரசாங்கம் அதைத்தானே செய்யுது?” என்று கேட்டாள். கைதட்டல் எழுந்தது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்துத் தீர்ப்பைப் படித்துவிட்டு இறங்கினேன். அவளுக்கு அன்று தரமுடியாத பதிலைத் தேடிப் படித்ததில் எனக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறேன்.

கட்டுப்பாடு எவ்வளவு இருக்கவேண்டும் என்றே நாம் கேட்டுப் பழகிவிட்டோம், உப்பு எத்தனை சிட்டிகை என்பதைப் போல. கடந்த முப்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப்பார்த்தால், அரசு எந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டு கட்டுப்படுத்தியது என்பதே முதற்கேள்வி என்று தோன்றுகிறது. அலைகளின் உடைமையாளர், அவற்றை விற்பவர், சேவை நடத்தும் வணிகர், வழக்கைத் தீர்க்கும் நடுவர் என நான்கு நாற்காலிகளிலும் அரசு மாறிமாறி அமர்ந்திருக்கிறது. சில வேளை ஒரே சமயத்தில்.

முதலில் அரசு மட்டுமே இருந்த காலம். 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை ஆவணமே ஒரு வாக்குமூலம்போல இருக்கிறது. நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லை, 0.8தான் என்று அது ஒப்புக்கொண்டது. சுமார் 80 லட்சம் இணைப்புகள். காத்திருப்போர் பட்டியலில் 25 லட்சம் பேர். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் தொலைபேசி இருந்தது. அந்த வீட்டுத் திண்ணைதான் தெருவுக்கே செய்தி நிலையம். பிறகு மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. கண்ணாடி அறைக்குள் நின்று வீட்டாரிடம் பேசும்போது, எதிரே ஏறிக்கொண்டே போகும் சிவப்பு எண்களைப் பார்த்துப் பேச்சைச் சுருக்கிய என் தலைமுறைக்கு அரசின் ஏகபோகம் என்றால் என்ன என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. போட்டியே இல்லாத இடத்தில் குடிமகன் வாடிக்கையாளன்கூட அல்ல, மனுதாரன். ஆகவே எல்லாம் அரசிடமே இருக்கட்டும் என்ற அணிக்கு நான் என்றைக்கும் மதிப்பெண் போடமாட்டேன்.

கதவு திறந்தபோது நடந்தது என்ன? சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்குக் கைப்பேசி உரிமம் வழங்க 1992இல் ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டன. தேர்வு முறை சரியில்லை என்று வழக்கு. 1994 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் ஒப்பந்த முடிவுகளை நீதிமன்றம் எந்த அளவுக்கு ஆராயலாம் என்பதற்குச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் டாட்டா செல்லுலார் வழக்கு அது. ஆக, நாட்டின் முதல் கைப்பேசி அழைப்புக்கு முன்பே முதல் வழக்கு முடிந்துவிட்டது. அழைப்பு வந்தது 1995 ஜூலை 31இல். கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அன்றைய கட்டணம் உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கும் மேல். அழைத்தவர் மட்டுமல்ல, அழைப்பை ஏற்றவரும் பணம் கட்டவேண்டும்.

அதே 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான ஒரு வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. பொதுநலம் கருதி, மக்களின் சார்பில் ஒரு பொது அமைப்பு அவற்றை ஒழுங்குபடுத்தவேண்டும் என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. அரசோ ‘பொதுச்சொத்து’ என்பதைச் ‘சொத்து’ என்று மட்டும் படித்துக்கொண்டது. அவ்வாண்டு மாநில வட்டங்களுக்கு நடந்த ஏலத்தில் நிறுவனங்கள் தலைகால் புரியாமல் தொகை கேட்டன. சில நூறு கோடி விற்றுமுதல் கொண்ட ஒரு நிறுவனம், நிலைத்த தொலைபேசிக்கான ஒன்பது வட்டங்களுக்கு ஏறத்தாழ 85,000 கோடி ரூபாய் தருவதாகச் சொன்னது. ஏலம் முடிந்த பிறகு, ஒரு நிறுவனத்துக்கு இத்தனை வட்டங்கள்தான் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. ஆட்டத்தின் நடுவே விதி மாறியதைக் கண்டித்து நாடாளுமன்றம் பல நாள் முடங்கியது. கடைசியில் கேட்ட தொகையைக் கட்ட நிறுவனங்களால் முடியவில்லை. 1999இல் நாடு முழுவதும் கைப்பேசி வைத்திருந்தவர்கள் பத்து லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

விற்பவரின் நாற்காலியில் இருந்து அரசு முதலில் பெற்ற பாடம் இது. உரிமக் கட்டணம் மிகுந்தால் சேவைக் கட்டணம் மிகும். சேவைக் கட்டணம் மிகுந்தால் மக்கள் வரமாட்டார்கள். மக்கள் வராவிட்டால் உரிமக் கட்டணமும் வராது. 1999இன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை இதை உணர்ந்து, நிலையான கட்டணத்தைக் கைவிட்டு, வருவாயில் ஒரு பங்கு தந்தால் போதும் என்று மாற்றியது. நல்ல மாற்றம். ஆனால் ‘வருவாய்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் ஒரு முள் உள்ளே தங்கிவிட்டது. அது இருபது ஆண்டு கழித்துச் சீழ்பிடித்ததைப் பின்னால் பார்ப்போம்.

இனி நடுவரின் கதை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 1997இல் பிறந்தது. அப்போது தொலைத்தொடர்புத் துறையே கொள்கை வகுத்தது, உரிமம் கொடுத்தது, நாடெங்கும் தொலைபேசியும் நடத்தியது. அந்தச் சூழலில் அரசு நிறுவனமான எம்.டி.என்.எல். கைப்பேசிச் சேவையில் இறங்க முற்பட்டபோது ஆணையம் குறுக்கே நின்றது. உரிமம் தருவது அரசின் அதிகாரம், அதில் ஆணையம் தலையிடமுடியாது என்று 1998இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அழைப்பவர் மட்டும் பணம் கட்டினால் போதும் என்று ஆணையம் கொண்டுவந்த விதியும் 2000 ஜனவரியில் அதே நீதிமன்றத்தில் விழுந்தது. அந்த மாதமே அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் ஆணையத்தைக் கலைத்து, வேறு உறுப்பினர்களைக் கொண்டு மறுபடி அமைத்தது. வழக்கு விசாரிக்கும் பொறுப்பு புதிய தீர்ப்பாயம் ஒன்றுக்குப் போனது. உரிமம் குறித்து ஆணையத்தின் பரிந்துரையை அரசு கேட்கவேண்டும், ஆனால் ஏற்கவேண்டிய கட்டாயமில்லை என்றானது. சங்கடப்படுத்திய நடுவரை மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்த கதைதான். அவ்வாண்டு அக்டோபரில் பி.எஸ்.என்.எல். தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டதால் வணிகர் நாற்காலி சற்றே தள்ளிப் போடப்பட்டது. அறையை விட்டு வெளியேறவில்லை.

இத்தனை இடையூறுக்குள்ளும் நடுவர் நாற்காலியிலிருந்து வந்த நன்மைகளை மறைக்கலாகாது. 2003 மே முதல் நாளிலிருந்து வந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானது. ஒரு நிறுவனத்தின் அழைப்பு மற்றொன்றின் வலையில் முடியும்போது யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று ஆணையம் வரையறுத்ததால் அது கைகூடியது. அதுவரை கைப்பேசி என்பது மணி அடித்தாலே செலவு வைக்கும் பொருள். அதன் பிறகு கட்டடத் தொழிலாளியும் பூக்காரம்மாவும் காய்கறி வண்டிக்காரரும் அதை வாங்கினார்கள். ஒரு பைசா செலவின்றிச் செய்தி சொல்லும் ‘மிஸ்டு கால்’ என்ற தனிமொழியே பிறந்தது. 2003 மார்ச்சில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடியாக இருந்த இணைப்புகள் 2011 மார்ச்சில் 80 கோடியைத் தாண்டின. இதற்குப் போட்டியும் மலிவான கருவிகளும் காரணம் என்பது உண்மை. ஆனால் போட்டி நடப்பதற்கு முன்னால், புதிதாக வந்தவனின் அழைப்பைப் பழையவன் ஏற்றே ஆகவேண்டும் என்று சொல்ல ஒருவர் இருந்தாகவேண்டும். சந்தை தானே அந்த விதியைப் போட்டுக்கொள்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் பள்ளியில் படித்த இயற்பியலில் ‘நிறமாலை’ என்று ஒரு சொல் இருந்தது. அதே ஆங்கிலச் சொல்லுக்கு ‘அலைக்கற்றை’ என்ற வடிவம் தேநீர்க் கடைவரை வந்து சேர்ந்தது 2008க்குப் பிந்தைய செய்தித்தாள்களால்தான். வைக்கோல் கற்றை, கூந்தல் கற்றை என்பதுபோல எண்ணிப் பிரித்துக் கொடுக்கக்கூடிய ஒன்றாக அலையை இச்சொல் காட்டுகிறது. பிரித்துக் கொடுப்பது யார், என்ன விலைக்கு என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

2008 ஜனவரியில், தமிழகத்தைச் சேர்ந்த ஆ. இராசா அமைச்சராக இருந்தபோது, 122 உரிமங்கள் முதலில் வந்தவர்க்கு முதலில் என்ற முறையில் வழங்கப்பட்டன. நாடு முழுவதற்குமான விலை 1,658 கோடி. அது 2001ஆம் ஆண்டு ஏலத்தில் கிடைத்த விலை. விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியும் பின்னோக்கி மாற்றப்பட்டது. அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பு 1.76 லட்சம் கோடி வரை இருக்கலாம் என்று தலைமைத் தணிக்கையாளர் 2010இல் மதிப்பிட்டார். அவர் தந்த பல மதிப்பீடுகளில் மிக உயர்ந்தது அது. மற்றவை மறக்கப்பட்டு அந்த எண் மட்டும் நிலைத்தது. 2012 பிப்ரவரி 2இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அனைவரையும் விடுவித்தது. அதன் மீதான மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. என் அக்கறை வேறு. விதியை வகுப்பதும் விலையை வைப்பதும் வரிசையை அமைப்பதும் ஒரே மேசையில் நடந்தால், நேர்மையானவர் அமர்ந்திருந்தாலும் அந்த மேசை ஐயத்துக்குரியதே.

அதற்கு மாற்றாகக் கண்மூடித்தனமான ஏலம் நம்மைக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ரத்துக்குப் பின் 2012 நவம்பரில் நடந்த ஏலத்தில், முன்பு 1,658 கோடிக்குத் தந்த ஏறத்தாழ அதே அளவு அலைக்கற்றைக்கு அரசு வைத்த அடிப்படை விலை 14,000 கோடி. 28,000 கோடி எதிர்பார்த்த இடத்தில் கிடைத்தது சுமார் 9,400 கோடி. தில்லிக்கும் மும்பைக்கும் கேட்க ஆளே இல்லை. 2016இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஏலத்துக்கு வந்தது. சுவர்களைத் துளைத்து நெடுந்தொலைவு செல்லும், கிராமப்புறங்களுக்கு மிக ஏற்ற அலை அது. ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி என்று விலை வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021இல் விலையைக் குறைத்தும் விற்கவில்லை. 2022இல் சுமார் 3,900 கோடியாக இறங்கிய பிறகே போணியானது.

இந்த ஆறு ஆண்டுகளுக்கு நடுவில் 2020 வந்தது. கல்லூரிகள் மூடப்பட்டு இணையவழி வகுப்பு எடுத்தோம். ஜவ்வாது மலையிலிருந்து வந்து படித்த என் மாணவன் ஒருவன், ஊருக்கு வெளியே இருக்கும் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்றான். மழை பெய்த நாட்களில் அவன் பெயருக்கு எதிரே வராதவன் என்று குறித்தேன். பின்னாளில்தான் தெரிந்தது, மழை நின்றபின் ஈரப்பாறையில் ஏறி, முடிந்துபோன வகுப்பின் குறிப்புகளை இறக்கிக்கொண்டு போயிருக்கிறான். அலை மலிவாக விற்கப்பட்டிருந்தால் அவன் ஊருக்குக் கோபுரம் வந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அது அத்தனை நேரான கணக்கு அல்ல. ஆனால் பொதுச்சொத்து ஒன்று விலைச்சீட்டோடு ஆறு ஆண்டு வானத்தில் சும்மா கிடந்தது. சேமித்து வைத்துப் பின்னர் செலவிட அலை ஒன்றும் நெல் அல்ல. பயன்படாத நாள் போனது போனதுதான். 2002 முதல் கிராமச் சேவைக்கென்றே நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கு நிதியாகப் பிடிக்கப்பட்டும் வந்திருக்கிறது. அவனுக்கு வருகைப்பதிவு போடாத என் குற்றவுணர்வில் கொஞ்சத்தை அரசின் கணக்கிலும் எழுதத்தான் தோன்றுகிறது.

கட்டுப்பாடே வேண்டாம் என்ற அணியின் வலுவான வாதம் 2016 செப்டம்பரில் வந்தது. ஜியோ நுழைந்தது, முதலில் சில மாதங்கள் இலவசம், பிறகு மிகக் குறைந்த விலை. எந்த ஆணையமும் உத்தரவிடாமலே இணையக் கட்டணம் அதலபாதாளத்துக்கு இறங்கியது. உண்மைதான். ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தையில் பி.எஸ்.என்.எல். நீங்கலாக மூன்றுதான் எஞ்சின. தமிழ்நாட்டில் தொடங்கி வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரி இறுதியில் திவால் மனு கொடுத்தது. அதன் வாடிக்கையாளர்கள் தங்கள் எண்ணை இழக்காமல் வேறு நிறுவனத்துக்குப் போக முடிந்தது, 2011 ஜனவரியில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த எண் மாற்ற உரிமையால்தான். வங்கிக் கணக்கும் எரிவாயு முன்பதிவும் உறவும் அந்தப் பத்து இலக்கத்தில் கட்டுண்டிருந்தன. அந்த எண் நிறுவனத்துடையது அல்ல, உன்னுடையது என்று சொன்னது சந்தை அல்ல, நடுவர். ஒரு சில வலைத்தளங்களை மட்டும் இலவசமாகத் தந்து இணையத்தைக் கூறுபோடும் திட்டங்களை 2016 பிப்ரவரியில் தடுத்ததும் அந்த நடுவர்தான்.

முன்பு சொன்ன முள்ளுக்கு வருகிறேன். வருவாய் என்பதில் வட்டி, வாடகை, ஈவுத்தொகை எல்லாம் அடங்கும் என்றது அரசு. தொலைத்தொடர்பு வருவாய் மட்டுமே என்றன நிறுவனங்கள். 2019 அக்டோபர் 24இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அசல், வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி என நிலுவை சுமார் 1.47 லட்சம் கோடி ஆனது. ஒப்பந்தத்தின் வாசகப்படி அரசு வென்றது. ஆனால் நலிந்த நிறுவனம் வீழ்ந்தால் சந்தை இருவர் கைக்குப் போய்விடும். எனவே 2021இல் அரசே இறங்கிவந்து இனிவரும் காலத்துக்கு வரையறையை மாற்றிற்று. கட்டவேண்டியதற்குத் தவணை தந்தது. வோடபோன் ஐடியாவின் நிலுவையில் ஒரு பகுதியை 2023இலும் 2025இலும் பங்குகளாக மாற்றிக்கொண்டதில் அதன் ஏறத்தாழ 49 விழுக்காடு அரசின் கைக்கு வந்தது. பி.எஸ்.என்.எல். ஏற்கெனவே அரசுடையது. நான்கு போட்டியாளர்களில் ஒன்று முழுதாகவும் மற்றொன்று ஏறத்தாழப் பாதியாகவும் அரசின் வசம். 1997இல் தொடங்கிய பயணம் சுற்றிவந்து புறப்பட்ட திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறது.

பட்டினப்பாலை பாடம் நடத்தும்போதெல்லாம் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகக் காட்சியில் சற்று நிற்பேன். மலைபோல் குவிந்த பண்டங்கள்மேல் சுங்கம் கொள்வோர் சோழனின் புலி முத்திரையைப் பொறிக்கிறார்கள். அதே பாட்டில், கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைக்காமலும் வாழும் வணிகர்களும் வருகிறார்கள். முத்திரை இடுபவர் வேறு, விற்பவர் வேறு என்று அந்தக் காட்சி தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. துலாக்கோலுக்கு முத்திரை வைக்கும் கை ஒரு தட்டில் அமர்ந்தும் இருந்தால், முத்திரைக்கு என்ன பொருள்?

அந்த மாணவிக்கு இப்போது என் பதில் இது. அரசு நடுவராக இருக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு வேண்டும். அதில் கஞ்சத்தனம் கூடாது. இணைப்பை மறுக்காதே, எண்ணைப் பிடித்துவைக்காதே, மலைக்கிராமத்தை மறக்காதே, மூவரும் கூடி விலை பேசாதே என்று சொல்லும் குரல் உரக்க ஒலிக்கவேண்டும். விற்பவராக இருக்கும்போது கருவூலத்தை மட்டும் பார்த்து விலை வைக்கலாகாது. வணிகராகவும் இருந்தே ஆகவேண்டுமென்றால், நடுவரை நியமிக்கும், நீக்கும் அதிகாரம் அதே கையில் இருக்கக்கூடாது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் 1885ஐ அகற்றப் புறப்பட்டது. ஆனால் உரிமமோ அனுமதியோ, எப்பெயரிட்டாலும் வழங்குவது அரசு, ஆணையம் பரிந்துரைப்பது என்ற அமைப்பை அது மாற்றவில்லை. பெயர்ப்பலகை மாறியிருக்கிறது, நாற்காலிகள் இடம் மாறவில்லை.

அந்தப் பெண் இப்போது முதுகலை இரண்டாம் ஆண்டு. அடுத்த பட்டிமன்றத்துக்கு அவளையே நடுவராகப் போடச் சொல்லியிருக்கிறேன்.